தையலின் முனையில் ஒரு மேடு

முதுகிலோ தோளிலோ இருந்த ஒரு பெரிய மச்சத்தை எடுத்திருப்பார்கள். தையல் பிரித்து, பிளாஸ்திரியும் போன பிறகு கண்ணாடியில் பார்த்தால் கோடு மெலிதாக, நேராக இருக்கும். அதன் ஒரு முனையில், சிலருக்கு இரண்டு முனையிலும், தோல் மட்டும் சின்னக் கூம்பாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். "நடுவுல எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர், இந்த ஓரத்துல மட்டும் ஏன் புடைச்சிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டால், "ஆறு மாசம் போகட்டும், தானா அமுங்கிடும்" என்று பதில் வரும். கேட்டவருக்கு அதில் பாதி நம்பிக்கைதான் வரும். தையல் சரியாக வரவில்லை, டாக்டர் மழுப்புகிறார் என்று தோன்றும்.

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் பதிலும் பெரும்பாலும் உண்மை. இந்த மேட்டை அறுவை மருத்துவர்கள் தங்களுக்குள் 'டாக் இயர்' என்பார்கள். இங்கே முனைமேடு என்று வைத்துக்கொள்வோம். கைதேர்ந்தவர் தைத்தாலும் இது வரும். இது ஏன் எழுகிறது என்பதற்கு வடிவக்கணிதத்தில் விடை இருக்கிறது. ஏன் அமுங்குகிறது என்பதற்கு உயிரியலில் இருக்கிறது. எப்போது அமுங்காது என்பதைத் தெரிந்துகொள்ள இரண்டும் வேண்டும்.

ஒரு தாளின் நடுவில் கண் வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுங்கள். துளையின் இரு கரைகளையும் சேர்த்து டேப் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தாளை மேசையில் தட்டையாகப் படுக்க வைக்கவே முடியாது. கண்ணின் இரண்டு கோடிகளும் கூம்பாக எழும். ஒட்டிய கோட்டின் நடுப்பகுதி சேண வடிவத்தில் வளைந்து உள்வாங்கும். ஒரு கூம்பை விரலால் அழுத்தினால் அது பக்கத்தில் நகரும், அல்லது மடியும், ஆனால் மறையாது. லெனின்கிராடில் பணியாற்றிய அலெக்சாண்டர் லிம்பர்க் என்ற அறுவை மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த விளையாட்டை ஒரு துறையாகவே வளர்த்தார். தாள் மாதிரிகளை வெட்டி ஒட்டி, எந்த வெட்டுக்கு எங்கே கூம்பு எழும் என்று கணக்கிட்டார். நிமிர்ந்து நிற்கும் கூம்பு, மடிந்து படுத்திருக்கும் கூம்பு என்று வகை பிரித்தார். சாய்சதுர வடிவத் தோல் மடலைத் திருப்பி வைத்துப் புண்ணை மூடும் அவருடைய முறை இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

கணக்கு எளிமையானது. ஒரு தாளில் எந்தப் புள்ளியைச் சுற்றியும் 360 டிகிரி இருக்கிறது. முனையில் 40 டிகிரி கோணத்தில் ஒரு ஆப்பை வெட்டி எடுத்துவிட்டால், அந்த முனையைச் சுற்றி மிஞ்சுவது 320 டிகிரிதான். அதைக் கொண்டு தட்டையான பரப்பை உண்டாக்க முடியாது, கூம்பைத்தான் உண்டாக்க முடியும். இரு முனைகளிலும் சேர்த்துக் குறைந்த 80 டிகிரி எங்கே போயிற்று என்று தேடினால், தையல் கோட்டின் நடுவில் கூடுதலாக வந்து உட்கார்ந்திருக்கும். நடுப்பகுதி உள்வாங்குவது அதனால்தான். முனையில் மேடும் நடுவில் பள்ளமும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

ரவிக்கை தைப்பவர்கள் 'டாட்' பிடிக்கும்போது இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். துணியில் ஒரு முக்கோணத்தை மடித்துத் தைத்து, அதன் முனையில் ஒரு குவிவை வரவழைக்கிறார்கள். டாட்டை மெல்லிசாக நீட்டி முடிக்காவிட்டால் முனையில் துணி பொம்மென்று நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அறுவை மருத்துவருக்குக் குவிவு வேண்டாம். அவருக்கு வேண்டியது நீட்டி முடிக்கும் அந்த உத்தி மட்டும்.

முனைமேட்டைப் பார்த்தவுடன் எல்லோரும், மருத்துவர்கள் உட்பட, 'மிச்சத் தோல்' என்றுதான் சொல்கிறோம். கூம்பின் நுனியிலிருந்து 1 செ.மீ. தள்ளி, சுற்றிலும் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். தட்டையான தாளில் அதன் சுற்றளவு ஏறக்குறைய 6.3 செ.மீ. இருக்க வேண்டும். 40 டிகிரி இழந்த கூம்பில் அது 5.6 செ.மீ.தான் இருக்கும். அதாவது நடுவில் தோல் கூடியதைவிட, சுற்றியுள்ள வளையத்தில் தோல் குறைந்தது என்பதே சரியான விவரிப்பு. வளையம் இறுக்கிப் பிடிப்பதால் நடுப்பகுதிக்குப் படுக்க இடமில்லை, எழுந்து நிற்கிறது. இப்படிப் பார்த்தால்தான் மேடு தானாக அமுங்குவது மந்திரமாகத் தெரியாது. அந்த வளையம் எட்டில் ஒரு பங்கு நீண்டு கொடுத்தால் போதும். அல்லது நுனியிலிருந்து வளையம் வரையுள்ள தோல் ஒன்பதில் ஒரு பங்கு சுருங்கினால் போதும். இரண்டும் பாதிப் பாதி நடந்தாலும் போதும். கூம்பு தட்டையாகிவிடும்.

தாளால் இதில் எதையும் செய்ய முடியாது. ஒரு பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் எப்படி வளைத்தாலும் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது என்று கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் 1827இல் நிரூபித்தார். உலக உருண்டையைக் கசக்காமல் வரைபடமாக விரிக்க முடியாததும் அந்தத் தேற்றத்தால்தான். காஸின் தேற்றம் தோலுக்கும் பொருந்தும். ஆனால் அதில் 'நீட்டாமலும் சுருக்காமலும்' என்ற நிபந்தனை இருக்கிறது. உயிருள்ள தோல் அந்த நிபந்தனையை மதிப்பதில்லை.

அறுவை மருத்துவப் பாடநூல்கள் முனைமேட்டைத் தவிர்க்க இரண்டு விதிகளைச் சொல்கின்றன. வெட்டும் கண் வடிவத்தின் நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். முனைக்கோணம் 30 டிகிரி அளவில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்பது போல் அடுத்தடுத்து எழுதியிருப்பார்கள். ஒரு காம்பஸை எடுத்து இரண்டு வட்ட வில்களால் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கண் வரைந்து அளந்து பார்த்தால் முனைக்கோணம் ஏறக்குறைய 74 டிகிரி வரும். கோணத்தை 30 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால் நீளம் அகலத்தைப் போல் ஏழரை மடங்குக்கு மேல் போக வேண்டும். வில்லுக்குப் பதில் நேர்க்கோடுகளால் சாய்சதுரமாக வெட்டினால்கூட 37 டிகிரி. மருத்துவர்கள் முனையருகில் கோட்டை நேராக்கி வெட்டுவதால் உண்மையான கோணம் இவற்றுக்கு இடையில் எங்கோ விழும். ஆக இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இருந்தும் நூற்றுக்கணக்கான அறுவை அரங்குகளில் தினமும் மூன்றுக்கு ஒன்று வேலை செய்கிறது. கணக்கில் விழும் துண்டைத் தோல் தன் நெகிழ்வால் ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லா வெட்டையும் நீளமாக வெட்டிவிட வேண்டியதுதானே? விலை அங்கேதான் இருக்கிறது. 2 செ.மீ. விட்டமுள்ள வட்டமான ஒரு கட்டியை எடுக்க மூன்றுக்கு ஒன்று விதிப்படி 6 செ.மீ. நீளத்துக்கு வெட்ட வேண்டும். தழும்பு 6 செ.மீ.; கூடவே, நோயே இல்லாத நல்ல தோல் இரு பக்கமும் முக்கோணமாக வீணாகிறது. அதே கட்டியை வட்டமாகவே எடுத்து அப்படியே சேர்த்துத் தைத்தால், கரையின் நீளம் அரை வட்டம். தழும்பு 3 செ.மீ. சொச்சம்தான் வரும். இரு முனைகளிலும் மேடு நிற்கும். நோயாளிக்கு எது மேல்? இன்று முதல் இறுதிவரை 6 செ.மீ. கோடா, சில மாதங்கள் மேட்டோடு இருந்து பிறகு பாதி நீளக் கோடா? நல்ல மருத்துவர் இதைத் தன் வசதிக்காக மட்டும் முடிவு செய்யமாட்டார். ஆனால் இப்படி ஒரு தேர்வு இருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்கிறவர்கள் குறைவு என்பதுதான் என் குறை. முன்பே சொன்னால் அது திட்டம். தையல் பிரித்த பிறகு சொன்னால் சாக்கு போலத்தான் கேட்கும்.

எந்தத் திசையில் தைப்பது என்பதிலும் மேட்டின் உயரம் அடங்கியிருக்கிறது. 1861இல் வியன்னாவில் உடற்கூறியலாளர் கார்ல் லாங்கர் உருண்டையான முனைகொண்ட ஓர் ஊசியால் பிணங்களின் தோலில் வரிசையாகக் குத்திப் பார்த்தார். ஊசி உருண்டை, துளைகளோ நீள்வட்டமாகத் திறந்தன. உடல் முழுதும் அவற்றை இணைத்து அவர் வரைந்த கோடுகள் இன்றும் லாங்கர் கோடுகள் எனப்படுகின்றன. தோல் எப்போதும் இழுவையில்தான் இருக்கிறது, அந்த இழுவை எல்லாத் திசையிலும் சமமாக இல்லை என்பதை அவை காட்டுகின்றன. பிணத்தில் வரைந்த கோடு உயிருள்ள முகத்துக்கு எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. பின்னாளில் ஆல்பர்ட் போர்ஜஸ், தசை தளர்ந்திருக்கும்போது தோலைக் கிள்ளினால் எந்தத் திசையில் சுருக்கம் எளிதாக விழுகிறதோ அதை வைத்து வேறு கோடுகளை வகுத்தார். இதிலிருந்து ஒரு நடைமுறை உத்தி பிறந்தது. கட்டியை வட்டமாக எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது. துளை தானாகவே ஒரு பக்கம் நீளும். அந்த நீளத் திசையிலேயே மூடினால் முனைக்கோணம் முதலிலேயே குறைந்துவிடும்.

இனி, மேடு எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம்.

முதல் சில வாரங்களில் இறங்குவது பெரும்பாலும் வீக்கம். வெட்டிய இடத்தில் நிணநீர்ப் பாதைகள் அறுந்திருக்கும், திரவம் தேங்கும். கூம்பு தளர்வான இடம் என்பதால் அங்கே வீக்கம் எடுப்பாகத் தெரியும். ஆகவே தையல் பிரிக்கும் நாளில், முகமென்றால் ஐந்து முதல் ஏழு நாளில், முதுகென்றால் பத்து பதினான்கு நாளில், கண்ணாடியில் பார்ப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அன்று தெரிவதில் கொஞ்சம் மேடு, கொஞ்சம் நீர்.

அடுத்தது வளையம் நீளுவது. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களிலேயே அது சற்றுத் தளர்ந்து கொடுக்கும். உட்தோலில் தாறுமாறாகக் கிடக்கும் கொலாஜன் நார்கள் இழுவையின் திசையில் அணிவகுக்கின்றன, இடையிலுள்ள திரவம் பிதுங்கி வெளியேறுகிறது. இதைச் செத்த தோலும் செய்யும். உயிருள்ள தோல் இன்னும் ஒரு படி போகும்: வாரக்கணக்கில் இழுவை நீடித்தால் செல்கள் பெருகிப் புதிய தோலையே உண்டாக்கும். கர்ப்பிணியின் வயிறு இதற்கு எல்லோருக்கும் தெரிந்த சாட்சி. 1957இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நியூமன், காது மடலை இழந்த ஒருவருக்குக் காதுக்கு மேலே தோலுக்கடியில் ஒரு ரப்பர் பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, மடலைக் கட்டத் தேவையான தோலை அங்கேயே வளர்த்துக் காட்டினார். இன்று தீக்காயத் தழும்புக்கும் மார்பக மறுசீரமைப்புக்கும் பயன்படும் தோல் விரிவாக்கிகளின் தொடக்கம் அது. முனைமேட்டைச் சுற்றிய இறுக்கமான வளையத்திலும் இதுவே சிறிய அளவில் நடக்கிறது. இழுவை இருக்கும் வரை அது நீண்டுகொண்டிருக்கும். நீள நீள, கூம்பின் கழுத்துப் பிடி தளரும்.

மூன்றாவது, தளர்ந்த தோல் சுருங்குவது. இதுதான் மூன்றிலும் விந்தையானது. உட்தோலில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜனை நெய்வதோடு நிற்பதில்லை, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டும் இருக்கின்றன. 1979இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் யூஜின் பெல்லும் அவர் குழுவினரும் கொலாஜன் கூழில் இந்தச் செல்களைக் கலந்து ஒரு தட்டில் மிதக்கவிட்டார்கள். யாரும் தொடாமலே அந்தக் கூழ் வட்டம் சில நாட்களில் தன் பரப்பில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. செல்கள் இழுத்த இழுப்பு அது. பின்னர் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: எதிர் இழுவை இல்லாமல் தளர்வாக மிதக்கும் கூழில் செல்கள் புதுக் கொலாஜன் செய்வதைக் குறைத்து, இருப்பதை உடைக்கும் நொதிகளைக் கூட்டுகின்றன. இழுவை இருந்தால் வளர், இல்லையென்றால் குறை என்ற விதிப்படி அவை நடக்கின்றன. கூம்பின் நடுவில் இருப்பது இழுவையற்ற தோல். அங்கே செல்கள் நாரைச் சுருக்கிக் கட்டி, தேவையில்லாததைக் கரைக்கின்றன.

புண் ஆறும்போது இதற்குக் கூடுதல் பலமும் சேர்கிறது. ஜெனீவாவில் ஜூலியோ கப்பியானியும் உடன் பணியாற்றியவர்களும் 1971இல், ஆறும் புண்ணிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்குள் தசைச் செல்லில் இருப்பது போன்ற சுருங்கும் இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். அவற்றுக்கு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். திறந்த புண்ணின் விளிம்புகள் நாளுக்கு நாள் நெருங்குவது இவற்றின் இழுப்பால்தான். தையலைச் சுற்றியும் இவை முதல் சில வாரங்கள் மும்முரமாக இருக்கும், பிறகு பெரும்பாலானவை மடிந்துவிடும்.

இந்த மூன்று வேலைகளின் வேகமும் வேறு வேறு என்பதால் மேடு சீராக இறங்காது. முதல் மாதத்தில் கொஞ்சம் வேகமாக இறங்கும், அது நீர் வற்றுவது. பிறகு இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். தழும்பு அப்போதுதான் சிவந்து, கெட்டியாக, பார்க்க மிக மோசமாக இருக்கும் காலம். பலரும் பொறுமையிழந்து அடுத்த மருத்துவரைத் தேடிப் போவதும் அப்போதுதான். மூன்று மாதத்தில் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டும். அதற்கு மேல் எப்போதும் ஏறாது. ஆனால் நார்களை மாற்றி அடுக்கும் வேலை ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டுகூட நடக்கும். மேட்டின் பெரும்பகுதி இறக்கம் இந்த மெதுவான காலத்தில்தான் நிகழ்கிறது. அதனால்தான் திருத்த அறுவைக்கு ஆறு மாதமாவது, முடிந்தால் ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள்.

எவ்வளவு பெரிய மேடு இறங்கும்? சுமார் 8 மில்லிமீட்டர் உயரம் வரை உள்ளவை காத்திருந்தால் தானாக அமர வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவர்களிடம் இப்போது புழங்கும் ஒரு கைக்கணக்கு. அதைவிட உயர்ந்தவற்றுக்கு நம்பிக்கை குறைவு. இடமும் முக்கியம். தலைத் தோலிலும் புறங்கையிலும் உள்ள மேடுகள் நன்றாகவே அமர்கின்றன. தோள், தாடை விளிம்பு போன்ற குவிந்த இடங்களில் மேடு எளிதில் எழும், ஏனென்றால் அங்கே பரப்பு ஏற்கெனவே வளைந்திருக்கிறது. மூக்கருகிலோ உதட்டருகிலோ எழுந்தால் யாரும் காத்திருக்கச் சொல்வதில்லை, மேசையிலேயே சரிசெய்துவிடுகிறார்கள். வயதின் கதை இருமுனையானது. முதியவரின் தோல் இழுத்தால் சுலபமாக இடம் கொடுக்கும், ஆனால் தளர்ந்ததைச் சுருக்கிக்கொள்ளும் திறன் அதற்குக் குறைவு. இளந்தோல் இறுக்கமானது, ஆனால் சுருங்குவதில் கெட்டி.

தோலின் இந்தக் குணத்தை நம்பியே சில அறுவைகளை வடிவமைத்திருக்கிறார்கள். கனத்த மார்பகத்தைக் குறைக்கும் பழைய முறையில் மார்பகத்துக்குக் கீழே மடிப்பின் நெடுகிலும் ஒரு நீளத் தழும்பு விழும். பிரான்சின் கிளாட் லாசுஸ் தொடங்கிய செங்குத்துத் தையல் முறையை 1990களில் பிரஸ்ஸல்ஸின் மாதலேன் லெழூர் பரவலாக்கினார். அதில் கிடைத்தழும்பு கிடையாது. மிஞ்சும் தோலை எல்லாம் செங்குத்துக் கோட்டிலேயே சுருக்கம் சுருக்கமாகத் திரட்டித் தைத்துவிடுவார்கள். அறுவை முடிந்த அன்று கோட்டின் கீழ்முனை கசங்கிய துணியாக இருக்கும். சில மாதங்களில் அது விரிந்து அமர்ந்துவிடும். அமராமல் நின்ற சிலருக்கு மட்டும் பிறகு சிறிய திருத்தம். இன்னொன்று சுருக்குப்பைத் தையல்: வட்டமான புண்ணின் விளிம்பைச் சுற்றி உட்தோலில் நூலை ஓட்டி இழுத்து முடிவது. இரண்டு பெரிய மேடுகளுக்குப் பதில் சுற்றிலும் பல குட்டிச் சுருக்கங்கள் விழும். ஒவ்வொன்றும் சிறியது என்பதால் சீக்கிரம் மறையும். முதியவர்களின் தோல் புற்றுநோயை எடுத்த இடத்திலும், குடல் வாயை மூடிய இடத்திலும் இதைக் காணலாம். பார்த்தவுடன் இதென்ன தையல் என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள்.

கணக்கை முன்கூட்டியே பிரித்துக்கொடுக்கும் வழிகளும் உண்டு. ஒரு கரை நீளம், மறுகரை குட்டையென்றால் முதல் தையலை நடுவில் போட்டு, பிறகு ஒவ்வொரு பாதியின் நடுவிலும் போட்டுக்கொண்டே போனால் நீளக் கரையின் உபரி கோடு முழுதும் துளித்துளியாகப் பகிர்ந்துவிடும். முடியாதபோது நீளக் கரையிலிருந்து ஒரு சிறு முக்கோணத்தை வெட்டி எடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோனிஸ்பெர்க்கில் இருந்த கார்ல் ஆகஸ்ட் புரோவ் சொன்ன முறை அது. இன்றும் புரோவ் முக்கோணம்தான்.

ஒரு முனைமேட்டை மட்டும் கையில் கத்தி இருந்தாலும் உடனே தொடக்கூடாது. பக்கத்துத் தோலை மடலாகத் திருப்பிப் புண்ணை மூடும்போது, மடல் திரும்பும் மூலையில் கூம்பு எழும். அந்த மூலை வழியாகத்தான் மடலுக்கு ரத்தம் வருகிறது. அழகுக்காக அதை வெட்டினால் மடலே கருகிப்போகும். 1794இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசீனில், திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்த காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு நெற்றித் தோலைத் திருப்பிப் புது மூக்கு வைத்த செய்தி வெளியானது. புனே அருகில் நடந்த சிகிச்சை அது. புருவங்களுக்கு நடுவே முறுக்கிக்கொண்டு நின்ற இணைப்புத் தோலை, சிகிச்சை செய்தவர்கள் இருபத்தைந்து நாள் போல விட்டுவைத்து, பிறகே அறுத்து ஒழுங்குசெய்தார்கள். மூக்குக்குப் புது இடத்திலிருந்தே ரத்தம் கிடைக்க அத்தனை நாள் தேவை என்பதைப் பரம்பரை அனுபவம் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. இன்றைய அறுவை மருத்துவர்களும் ஏறக்குறைய மூன்று வாரம்தான் காத்திருக்கிறார்கள்.

மேலே சொன்ன எல்லாம் தோலால் ஆன மேட்டுக்கு. கொழுப்பால் ஆன மேடு வேறு சாதி. இதைப் பிரித்துச் சொல்லாமல் எல்லோருக்கும் 'தானா அமுங்கிடும்' என்று சொல்வதுதான் உண்மையில் தவறு. மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பகத்தை முழுதாக எடுத்த பெண்களுக்கு, தழும்பின் வெளிமுனை அக்குள் பக்கம் போய் முடிகிறது. உடல் பருமனானவர்களுக்கு அங்கே தோலோடு கொழுப்பும் மடிப்பாகத் தொங்கும். கையை ஆட்டும்போது உரசும், வியர்வை தங்கிப் புண்ணாகும், உள்ளாடையும் செயற்கை மார்பும் சரியாக உட்காராது. ஃபைப்ரோபிளாஸ்ட்களின் இழுப்புக்கும் வளையத்தின் நெகிழ்வுக்கும் கொழுப்பு அசைந்து கொடுக்காது. இரண்டு ஆண்டு காத்திருந்தாலும் அது அங்கேயே இருக்கும். தையலின் வெளிமுனையை மீன்வால் போல் இரண்டாகப் பிரித்து முடித்தால் முதல் அறுவையிலேயே பெருமளவு தவிர்க்கலாம். புற்றுநோய் போய்விட்டதே, இந்த மடிப்பைப் பற்றிக் கவலைப்படலாமா என்று பல பெண்கள் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். தினமும் உரசுகிற ஒன்றைப் பற்றிக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. வயிற்றுத் தொங்கலைக் குறைக்கும் அறுவையிலும் இதே கதை. தழும்பின் இரு முனைகளும் இடுப்பெலும்பின் பக்கம் போய் முடியும். படுத்த நிலையில் தட்டையாகத் தெரிந்த இடம் எழுந்து நின்றால்தான் தன் உருவத்தைக் காட்டும்.

எது எந்த மேடு என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். விரலால் கிள்ளிப் பார்த்தால் தோல் மேடு மெல்லியதாக மடியும். கொழுப்பு மேடு கனமாக, உருண்டையாகக் கைக்குச் சிக்கும். முனைமேடு முதல் நாளிலிருந்தே இருக்கும், தோலின் நிறத்திலேயே இருக்கும், அரிக்காது, வளராது. தையல் பிரித்துச் சில மாதங்கள் கழித்துக் கெட்டியாகத் தடித்து, அரிப்போடு, வெட்டின எல்லையையும் தாண்டிப் பரவினால் அது கீலாய்டு. கறுத்த தோலுள்ளவர்களுக்குக் கீலாய்டு வரும் வாய்ப்பு கூடுதல்; நெஞ்சு, தோள், மேல்முதுகு, காது மடல் அதற்குப் பிடித்த இடங்கள். நமக்கு இது முக்கியமான செய்தி, ஏனென்றால் அந்த இடங்களில் ஒரு சின்ன மேட்டைப் போக்கத் தழும்பை இன்னும் நீட்டினால், இல்லாத கீலாய்டை வரவழைத்த கதையாகலாம். மேட்டோடு சேர்ந்து சூடு, சிவப்பு, கூடும் வலி, சீழ் இருந்தால் அது தொற்று, அன்றே காட்ட வேண்டும். புற்றுநோய் எடுத்த இடத்தில், முன்பு இல்லாத கட்டி புதிதாகத் தென்பட்டாலும் காத்திருக்கக்கூடாது.

தடவி அமுக்கினால் சீக்கிரம் இறங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். புண் நன்றாக ஆறிய பிறகு மிதமாக நீவிவிடுவதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அது வேகப்படுத்துகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை, கெடுதலும் இல்லை. சிலிக்கோன் ஒட்டு தடித்த தழும்புக்கானது, கூம்பின் கோணத்தை அதனால் மாற்ற முடியாது. எண்ணெயும் கிரீமும் கோணத்தை மாற்றா.

ஓராண்டு கழித்தும் மேடு நின்றால் திருத்துவது பெரிய வேலை இல்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, கூம்பின் நடுவில் கொக்கியால் தூக்கி, ஒரு பக்கம் அடியோடு கீறி, மிகுந்த முக்கோணத்தைக் கோட்டின் மேல் படியவைத்து அளந்து வெட்டித் தைத்துவிடுவார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். தழும்பு கொஞ்சம் நீளும். ஆனால் முதல் நாளே வெட்டியிருந்தால் நீண்டிருக்கும் அளவுக்கு நீளாது, ஏனென்றால் இடைப்பட்ட மாதங்களில் வளையம் நெகிழ்ந்து, கோணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கரைந்திருக்கும். கத்திக்கு மிஞ்சுவது தோலால் முடியாமல் போன அந்தச் சில டிகிரிகள் மட்டும்.